மாமல்லபுரம் கலங்கரை விளக்கம்: முழங்கால் வலி உள்ள அப்பா ஏற முடியுமா?

நெய்தல் மகள் கேட்டது:

அப்பாவுக்கு வயது 71. ஐம்பது ஆண்டுகள் கடலுக்குப் போனவர். முதலில் கட்டுமரம், பிறகு ஃபைபர் படகு. எங்கள் குப்பம் கோவளத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவில் இருக்கிறது. இருட்டில் திரும்பும்போது மாமல்லபுரத்து விளக்கு எந்தப் பக்கம் மினுக்குகிறது என்று பார்த்துத்தான் படகைத் திருப்புவாராம். ஆனால் அந்தக் கோபுரத்துக்குள் ஒரு நாள்கூடக் கால் வைத்ததில்லை. "அது சர்க்கார் இடம், நம்மை விடமாட்டார்கள்" என்றே இத்தனை நாளும் நினைத்திருக்கிறார்.

போன வாரம் என் மகன் பள்ளிச் சுற்றுலாவில் ஏறிப் பார்த்துவிட்டு வந்து சொன்னான். அப்பா சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, "என்னையும் ஒரு நாள் கூட்டிக்கொண்டு போ" என்றார். எதையும் கேட்கிற மனிதர் இல்லை அவர்.

வலது முழங்கால் தேய்ந்திருக்கிறது. நிதானமாகப் படி ஏறலாம் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். உள்ளே படிகள் எப்படி இருக்கும்? பிடித்துக்கொள்ள ஏதாவது உண்டா? ஏறிப் பார்த்தவர்கள் சொல்லுங்கள். "வேண்டாம்" என்று மட்டும் எழுதிவிட்டுப் போகாதீர்கள்.

கழுக்குன்றத்து ஆசிரியர்:

அம்மா, நான் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். பல ஆண்டுகள் மூடிக் கிடந்த கோபுரத்தை 2011இல் பொதுமக்களுக்குத் திறந்தார்கள். அப்போதிலிருந்து பலமுறை மாணவர்களோடு ஏறியிருக்கிறேன்.

வட்டமான கல்கோபுரம். படிகள் சுழன்று சுழன்று போகும். அகலம் குறைவு, ஆனால் கை ஊன்றச் சுவர் கூடவே வரும். அதுவரை உங்கள் அப்பா ஏறிவிடுவார். சிரமம் கடைசியில்தான்: செங்குத்தாக ஓர் ஏணி, அதன் பிறகு நன்றாகக் குனிந்து நுழைய வேண்டிய சிறிய வாசல். அங்கே பின்னால் வருபவர்கள் அவசரப்படுத்துவார்கள். கூட்டம் இல்லாத வார நாளாகப் பார்த்துப் போங்கள்.

வந்ததும் நேராகக் கோபுரத்துக்குப் போய்விடாதீர்கள். பக்கத்துப் பாறையில், மகிஷாசுரமர்த்தினி குகைக்கு மேலே, ஒலக்கணேசுவரர் கோயில் நிற்கிறது. ராஜசிம்ம பல்லவன் காலத்தது, 8ஆம் நூற்றாண்டு. விமானத்தின் மேல்பகுதி இப்போது இல்லை, மொட்டையாக இருக்கும். 1887இல் அந்தக் கூரையின் மேல்தான் முதலில் விளக்கு வைத்தார்கள். இருபதாம் நூற்றாண்டு பிறக்கும் சமயத்தில்தான் இந்தத் தனிக் கோபுரத்தைக் கட்டினார்கள்.

இன்னொன்றும் சொல்லத் தோன்றுகிறது. பெரும்பாணாற்றுப்படையில் நீர்ப்பெயற்று என்ற துறையின் கலங்கரை விளக்கம் வருகிறது. அந்தத் துறை மாமல்லபுரமே என்று கருதும் அறிஞர்கள் உண்டு. அந்த மாடத்தைப் புலவர் "ஏணி சாத்திய ஏற்றருஞ் சென்னி" என்கிறார்: ஏணி சாத்தியும் ஏறுவதற்கு அரிய உச்சி! உச்சியில் இரவில் ஏற்றிய சுடர் "ஓடுகலம் கரையும்" என்கிறார். கரைதல் என்றால் அழைத்தல். உங்கள் அப்பாவை ஐம்பது ஆண்டுகள் அழைத்த விளக்கு, அம்மா. அழைத்து வாருங்கள்.

இரு பிள்ளைகளின் தாய்:

ஏறுவதைவிட இறங்கும்போதுதான் எனக்குக் கால் நடுங்கியது. ஏணியில் பின்புறமாக, ஏணியைப் பார்த்தபடி இறங்கச் சொல்லுங்கள். நீங்கள் அவருக்குக் கீழே இருங்கள். பை எதுவும் வேண்டாம், இரண்டு கையும் காலியாக இருக்கட்டும். மேலே காற்று பலமாக அடிக்கும்.

மயிலாப்பூர்வாசி:

முடியவில்லை என்றால் மனம் தளர வேண்டாம். சென்னை மெரினாவில் 1977இல் வந்த முக்கோணக் கோபுரத்தில் லிஃப்ட் உண்டு. 2013இல் அதையும் மறுபடி மக்களுக்குத் திறந்தார்கள். சென்னைக்கு அது நான்காவது கலங்கரை விளக்கம். இரண்டாவது, 1844இல் ஏற்றியது, உயர் நீதிமன்ற வளாகத்தில் கல்தூணாக இன்னும் நிற்கிறது. மூன்றாவது விளக்கு 1894இல் அந்த நீதிமன்றத்தின் கோபுரத்திலேயே எரிந்தது.

நெய்தல் மகள்:

போய் வந்துவிட்டோம். அப்பா ஏறிவிட்டார்!

செவ்வாய்க்கிழமை போனோம். ஆசிரியர் ஐயா சொன்னபடி முதலில் ஒலக்கணேசுவரர் கோயில் நிழலில் கால் மணி நேரம் உட்கார்ந்தோம். கூரையில் விளக்கு எரிந்த கதையைச் சொன்னேன். "சாமி வீட்டுக் கூரையிலா?" என்று எழுந்து போய்க் கோயிலைச் சுற்றி வந்து பார்த்தார்.

படிகளில் மூன்று இடத்தில் நின்றோம். அவர் மூச்சு வாங்கவில்லை, முழங்காலைத்தான் அழுத்தி அழுத்திப் பிடித்துக்கொண்டார். ஏணியைப் பார்த்ததும் எனக்குப் பயம் வந்தது, "இதுவரை போதும் அப்பா" என்றேன். அவர் பதில் சொல்லாமல் செருப்பைக் கழற்றினார். ஏணியில் அவர் கால் வைத்த விதத்தைப் பார்த்ததும் எனக்குப் புரிந்தது, ஆடுகிற படகில் நின்ற கால் அது. சிறிய வாசலில் என்னைவிட எளிதாக நுழைந்துவிட்டார்.

மேலே எல்லாரும் கடற்கரைக் கோயிலைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். தெற்கே ஐந்து ரதங்கள், அதற்கும் அப்பால் கல்பாக்கம் அணுமின் நிலையம், மேற்கே பக்கிங்காம் கால்வாய். அப்பா எதையும் பார்க்கவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு தண்ணீரையே பார்த்தார். "அதோ நுரை வெள்ளையாக உடைகிறது பார், அடியில் பாறை இருக்கிறது. அங்கேதான் நீ பிறந்த வருடம் என் வலை கிழிந்தது" என்றார். அந்த வலையின் கடனை அம்மா சொல்லிக் கேட்டிருக்கிறேன். இடத்தை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அங்கிருந்த ஊழியரிடம், ஒவ்வொரு விளக்கும் வெவ்வேறு கணக்கில் மினுக்குவது ஏன் என்று கேட்டார். எந்த ஊர் விளக்கு என்று கடலில் இருப்பவருக்குத் தெரிய வேண்டும், அதனால் ஒவ்வொன்றுக்கும் தனி இடைவெளி வைத்திருக்கிறார்கள் என்றார் அவர். "நாங்கள் மனத்துக்குள் எண்ணிக்கொள்வோம்" என்று அப்பா எண்ணிக் காட்டினார். ஊழியர் சிரித்துக்கொண்டே "சரியாகச் சொல்கிறீர்கள் ஐயா" என்றார். அப்பாவின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

இறங்கும்போது அந்தச் சகோதரி சொன்னபடி நான் கீழே நின்றேன். இரவு முழங்காலுக்குத் தைலம் தேய்த்துவிட்டேன், மறுநாள் வீக்கம் இல்லை. எல்லாருக்கும் என் நன்றி.

மயிலாப்பூர்வாசிக்கு ஒரு கேள்வி. மெரினாவில் லிஃப்ட் இருக்கிறது என்று அப்பாவிடம் சொன்னேன். "அப்படியானால் அம்மாவையும் கூட்டிப் போகலாமே" என்கிறார். அம்மா சக்கர நாற்காலியில் இருக்கிறார். வாசலிலிருந்து லிஃப்ட் வரை படிகள் இருக்கின்றனவா?