ஃபர்னஸ் பற்றிக்கொண்ட ஐந்து நொடியில் அணைந்துவிடுகிறது, சென்சரை மாற்றத்தான் வேண்டுமா?

டொராண்டோவில், ஸ்கார்பரோவில் இருக்கிறோம். பேஸ்மென்டில் இருப்பது 14 வருஷப் பழைய கேஸ் ஃபர்னஸ், நேற்று இரவிலிருந்து வீடு சூடாகவே இல்லை. கேஸைப் பற்றவைக்கும் இக்னைட்டர் சிவக்கிறது, பர்னர்கள் வரிசையாக நீலமாகப் பற்றுகின்றன, ஒரு ஐந்து நொடி, டக்கென்று எல்லாம் அணைந்துவிடுகிறது. மூன்று தடவை இப்படி, அப்புறம் கன்ட்ரோல் போர்டில் சின்ன விளக்கு மட்டும் சிமிட்டிக்கொண்டு கிடக்கிறது. வந்து பார்த்த மெக்கானிக், ஃப்ளேம் சென்சர் (தீ எரிகிறதா என்று பார்க்கும் கம்பி) போய்விட்டது, கூலியோடு 350 டாலர் என்கிறார். தீ கண்ணெதிரே எரிகிறதே, அந்தச் சூடு கூடவா அந்தக் கம்பிக்கு உறைக்கவில்லை?

— பேஸ்மென்ட்வாசி

அது சூட்டைப் பார்ப்பதே இல்லை. எப்போதும் சின்னதாக எரியும் பைலட் விளக்கு உள்ள பழைய ஃபர்னஸில் தெர்மோகப்பிள் இருக்கும், அதுதான் சூட்டில் சில மில்லிவோல்ட் உண்டாக்கும். உங்களுடையது வெறும் கம்பி. தீக்குள் அயனிகள் (மின்னூட்டம் உள்ள துகள்கள்) இருப்பதால் அது கொஞ்சம் மின்சாரம் கடத்தும். போர்டு கம்பிக்கு ஏ.சி. (திசை மாறி மாறி ஓடும் மின்சாரம்) கொடுக்கிறது, அது தீ வழியாக பர்னருக்குப் போய் எர்த்தில் சேர்கிறது. கம்பி ஒல்லி, பர்னர் பெரிசு, அதனால் ஒரு திசையில் அதிகமாகவும் மறு திசையில் குறைவாகவும் ஓடி, போர்டுக்குக் கொஞ்சம் டி.சி. (ஒரே திசையில் ஓடும் மின்சாரம்) போலத் தெரியும். பெரும்பாலும் சில மைக்ரோ ஆம்பியர்தான். எதற்கு இப்படிச் சுற்றி வளைக்க வேண்டும் என்று எனக்கும் முதலில் தோன்றியது. ஆனால் கம்பி தகரத்தில் தொட்டு ஷார்ட் ஆனால் இரு பக்கமும் சமமாக ஓடும், டி.சி. வராது, போர்டு அதைத் தீ என்று ஏமாறாது. தீ தெரியவில்லை என்றால் கேஸ் வால்வை மூடிவிடும், எரியாத கேஸ் வீட்டுக்குள் சேரக்கூடாது அல்லவா.

— மீட்டர்மாமா

எங்கள் வீட்டிலும் போன ஜனவரியில் இதே கதை. கம்பியில் மெல்லிய வெள்ளைப் படலம், பார்த்தால் அழுக்கு என்றே தோன்றாது, ஆனால் மின்சாரத்தைத் தடுக்க அது போதும். ஃபர்னஸின் சுவிட்சை அணைத்து, கேஸ் குழாயையும் மூடிவிட்டு, ஒற்றை ஸ்க்ரூவைக் கழற்றி உருவினால் வந்துவிடும். அடிப்பகுதிப் பீங்கானைப் பார்த்துப் பிடியுங்கள், விரிசல் விட்டால் நிஜமாகவே புதுசு வாங்க வேண்டியதுதான். நைசான ஸ்டீல் வுல்லால் மெதுவாகத் தேய்த்து, உலர்ந்த துணியால் துடைத்தேன். உப்புத்தாள் வேண்டாம், கீறல் விழும். கேஸ் வாசனை கொஞ்சம் வந்தாலும் கை வைக்காமல் வெளியே போய்விட்டு கேஸ் கம்பெனியைக் கூப்பிடுங்கள்.

— மார்க்கம்அக்கா

தேய்த்தும் அணைந்தால் எர்த் வயரைப் பாருங்கள். பர்னர் தகரம் துருப்பிடித்திருந்தால், மின்சாரம் திரும்பி வரும் வழியே அடைபட்டுவிடும், கம்பி எவ்வளவு பளபளத்தாலும் பிரயோஜனம் இல்லை. மின் இணைப்பில் லைனும் நியூட்ரலும் மாறியிருந்தாலும் இதே தொல்லை வரலாம். மைக்ரோ ஆம்பியர் காட்டும் மீட்டர் இருந்தால் சென்சர் வயரோடு தொடராக வைத்துப் பார்க்கலாம்.

— மீட்டர்மாமா

தேய்த்தாச்சு. அக்கா சொன்ன அதே வெள்ளைப் படலம்தான், போன மாதம் பேஸ்மென்டில் சுவர் தேய்த்த தூசியாக இருக்கும் என்று சந்தேகம். இப்போது இருபது நிமிஷமாக எரிகிறது. நாளை அந்த மெக்கானிக் வருவதாகச் சொன்னாரே, வேண்டாம் என்று சொல்ல வேண்டும்.

— பேஸ்மென்ட்வாசி