கிரிப்டோ மைனிங்ல ஓடுன கிராபிக்ஸ் கார்டா இருந்தா வாங்கலாமுங்களா? 3060, 3060 டிஐ, 3080: எதை எப்படிச் சோதிக்கோணும்?

அவிநாசி எடிட்டர்

வணக்கமுங்க. கல்யாண வீடியோ எடிட்டிங்குக்கு மெஷின் ஒண்ணு சேர்த்துட்டிருக்கேன். ஐ5 12400எஃப், 32 ஜிபி ரேம், 550 வாட்ஸ் பவர் சப்ளை வாங்கியாச்சு. எடிட்டிங் சாஃப்ட்வேர் டாவின்சி ரிசால்வ் ஸ்டுடியோவுக்கு லைசென்ஸ் இருக்குது. கேமரா சோனி, 4கே, 10 பிட் 4:2:2. கிராபிக்ஸ் கார்டு மட்டும் பாக்கி.

புதுசு பட்ஜெட்டுக்கு எட்டலைங்க. பழசுல மூணு பார்த்து வெச்சிருக்கேன்: ஆர்டிஎக்ஸ் 3060 12 ஜிபி, 3060 டிஐ 8 ஜிபி, 3080 10 ஜிபி. 3080க்குச் சொல்ற விலை 3060 டிஐயை விடக் கொஞ்சம்தான் கூட. ஆனா டப்பாவும் இல்ல, பில்லும் இல்ல. "கேம் மட்டும்தான் ஆடுனது, மைனிங்ல போடவே இல்ல"ங்கறார் விக்கிறவர்.

மைனிங்ல ஓடுச்சா இல்லையான்னு கண்டுபிடிக்க முடியுமுங்களா? ஓடியிருந்தா ஒதுக்கிரோணுமா? நேர்ல போனா அரை மணி நேரந்தான் கிடைக்கும். அதுக்குள்ள எதை எதைப் பார்க்கோணும்?

நொய்யல்கரை

ஏனுங்க, அந்தக் கேள்விக்கு விக்கிறவர்கிட்ட பதிலே இருக்காது. இந்தக் கார்டெல்லாம் மூணு நாலு கை மாறி வருது, கடைசியா வெச்சிருக்கிறவருக்கு முதல் கதை தெரியாது. மைனிங்காரங்க எந்தக் கார்டை ஏன் தேடி வாங்கினாங்கன்னு தெரிஞ்சா நாமளே ஓரளவு கணிச்சுக்கலாம்.

எத்தீரியம்ங்கிற கிரிப்டோ காசுக்காகக் கார்டை ராப்பகலாக் கணக்குப் போட விடறதுதான் மைனிங். அதுக்குக் கோர் (கார்டோட மெயின் சிப்) வேகத்தை விட மெமரி வேகந்தான் முக்கியம். 3060 டிஐ, 3070 ரெண்டுக்கும் மெமரி வழி ஒரே 256 பிட், வேகம் நொடிக்கு 448 ஜிபி. அதனால ரெண்டும் ஏறத்தாழ 60 மெகாஹேஷ்தான் (மைனிங் வேகத்தோட அளவு) கொடுக்கும், 120 வாட்ஸ் பக்கம் கரண்டு இழுக்கும். அப்ப விலை குறைஞ்ச 3060 டிஐயைத்தான் அள்ளுவாங்க. 3080 கார்டு 95 மெகாஹேஷுக்கு மேல போகும். 2020 செப்டம்பர்ல 699 டாலர்னு அறிவிச்ச கார்டு, கடையில அந்த விலைக்குக் கண்ணுலயே படாததுக்கு இது ஒரு பெரிய காரணம். கொரோனா காலத்துச் சிப் தட்டுப்பாடும் அதே சமயத்துல சேர்ந்துக்கிச்சு. வீட்டுக்கு ஒரு கார்டு கேட்டவங்க, டிசைன், எடிட்டிங் பண்றவங்க எல்லாரும் ரெண்டு வருஷம் பக்கமா ரெண்டு, மூணு மடங்கு விலையைப் பார்த்துட்டுத் திரும்பி வந்தது இதனாலதான்.

3060 மட்டும் வேற மாதிரி. 2021 பிப்ரவரியில வரும்போதே மைனிங் வேகத்தைப் பாதியாக் குறைக்கிற பூட்டோட வந்துச்சு. அடுத்த மாசமே என்விடியா தானே வெளியிட்ட 470.05 பீட்டா டிரைவர்ல அந்தப் பூட்டு விட்டுப்போச்சு. அப்புறம் எல்எச்ஆர் (லைட் ஹேஷ் ரேட்)னு பேர் வெச்சு மத்த கார்டுகளுக்கும் போட்டாங்க. 2022 மே மாசம் மைனிங் சாஃப்ட்வேர்காரங்க அதையும் முழுசா உடைச்சுட்டாங்க. அதனால "எல்எச்ஆர் கார்டுங்க, மைனிங்ல ஓடியிருக்காது"ன்னு யாராவது சொன்னா அதை ஆதாரமா எடுத்துக்காதீங்க.

2022 செப்டம்பர் 15 அன்னிக்கு எத்தீரியம், கார்டு வெச்சுக் கணக்குப் போடத் தேவையில்லாத ப்ரூஃப் ஆஃப் ஸ்டேக் முறைக்கு மாறுச்சு. கார்டு வெச்சுப் பண்ற எத்தீரியம் மைனிங் அன்னியோட முடிஞ்சுது, ரேக் ரேக்காக் கார்டு விற்பனைக்கு வந்துச்சு. இப்போ விலை ஏறுதுன்னா அது மைனிங்னால இல்ல, மெமரி சிப்பெல்லாம் ஏஐ டேட்டா சென்டர் பக்கம் போறதுனால. அதனால "கொஞ்ச நாள் பொறுத்தா இறங்கும்"னு நம்பி வேலையை நிறுத்தி வைக்க வேண்டாம்னு நான் சொல்லுவேன்.

மைனிங்ல ஓடுனதுங்கிற ஒரே காரணத்துக்காக ஒதுக்க வேண்டியதில்லைங்க. விவரம் தெரிஞ்சவங்க பவர் லிமிட்டை 60, 70 சதவீதத்துக்கு இறக்கித்தான் ஓட்டுவாங்க, கோர் கஷ்டப்பட்டிருக்காது. நாள் முழுக்க ஒரே சூடா இருக்கிறதுனால சூடாகி ஆறி சூடாகிற சுழற்சியும் குறைவு. தேயறது மூணு: மெமரி, தெர்மல் பேடு (மெமரிச் சூட்டை ஹீட்சிங்க்குக்குக் கடத்துற மெத்தை மாதிரிப் பட்டை), ஃபேன். இதுல ஃபேனும் பேடும் மாத்திக்கலாம், மெமரி போனா கார்டே போச்சு. சோதனையை அதை மனசுல வெச்சுப் பண்ணுங்க.

உங்க மூணுல 3080ஐ விட்டுருங்க. அதுல இருக்கிறது ஜிடிடிஆர்6எக்ஸ், தகிக்கிற மெமரி. 110 டிகிரியில தானா வேகத்தைக் குறைச்சுக்கும், மைனிங்ல பல கார்டு அந்த எல்லைக்குப் பக்கத்துலயே மாசக்கணக்கா நின்னிருக்குது. போக 320 வாட்ஸ் கார்டு அது. என்விடியாவே 750 வாட்ஸ் சப்ளை கேக்குது, உங்க 550 தாங்காது. 3060க்கு 550 போதும், 3060 டிஐக்கு 600ன்னு சொல்றாங்க.

காந்திபுரம் பெஞ்ச்

அரை மணி நேரத்துக்கு வரிசை சொல்றேன். பென்டிரைவ்ல ஜிபியு-இசட், எச்டபிள்யூஇன்ஃபோ, ஓசிசிடி, ஃபர்மார்க், ஆஃப்டர்பர்னர்னு அஞ்சு சோதனை சாஃப்ட்வேரையும் ஏத்திக்கிட்டுப் போங்க. செல்போன் டார்ச் வேணும்.

கரண்டு கொடுக்கிறதுக்கு முன்னாடி கார்டைக் கையில வாங்கிப் பாருங்க. ஸ்லாட்ல போற தங்க முலாம் பட்டையில ஸ்க்ராட்ச் எங்க இருக்குதுன்னு கவனிங்க. மைனிங் ரிக்ல (பல கார்டு மாட்டுற ரேக்) ரைசர்ங்கிற நீட்டிப்பு கேபிள் வழியா மாட்டி அசையாம ஓடுன கார்டுல பட்டை புதுசு மாதிரியே இருக்கும், ஆனா பிராக்கெட்ல துரு, ஃபின்ல (சூட்டை ஆத்துற தகடு) அப்பின தூசி. பட்டை புதுசு, மத்ததெல்லாம் பழசுன்னா ரிக்ல இருந்து வந்ததுன்னு எடுத்துக்கலாம். அடுத்து அந்தப் பட்டையோட கடைசியில லாக் ஆகுற கொக்கி மாதிரி வெட்டு இருக்குதில்லையா, அந்த மூலையில டார்ச்சைச் சாய்ச்சு அடிங்க. கனமான கார்டு கேபினெட்ல தொங்கித் தொங்கி அந்த இடத்துலதான் முடி மாதிரி விரிசல் விடும். விரிசல் தெரிஞ்சா வேற எதையும் பார்க்க வேண்டாம், எடுத்து வெச்சிருங்க. பட்டைக்கு மேல இருக்கிற பொடிப்பொடி கெப்பாசிட்டர் ஏதாவது பேத்துக்கிட்டுப் போயிருக்குதான்னும் பாருங்க. போர்டு ஓரத்துல எண்ணெய்ப் பிசுக்கு தெரிஞ்சா அது பேடுல இருந்து கசிஞ்ச சிலிக்கோன் எண்ணெய். அதனால கார்டு கெடாது, பேடு காஞ்சு போச்சுன்னு அர்த்தம். மெமரியைச் சுத்திப் போர்டு பழுப்பாயிருந்தா அதுதான் கவலைப்பட வேண்டிய விஷயம்.

மாட்டினதும் ஜிபியு-இசட் திறங்க. ஷேடர் எண்ணிக்கை 3060க்கு 3584, 3060 டிஐக்கு 4864, 3080 10 ஜிபிக்கு 8704. 3060ல 8 ஜிபி, 128 பிட்னு மட்டமானது ஒண்ணு அதே பேர்ல இருக்குது. உங்களுக்கு வேணுங்கிறது 12 ஜிபி, 192 பிட். போலி பயாஸ் ஏத்துன கார்டா இருந்தா பேருக்கு முன்னாடி ஃபேக்னு அதுவே காட்டும். பஸ் இன்டர்ஃபேஸ் பக்கத்துல இருக்கிற கேள்விக்குறியை அழுத்தி ரெண்டர் டெஸ்ட் ஓட்டினா எக்ஸ்16 (ஸ்லாட்டோட 16 பாதையும் வேலை செய்யுதுன்னு அர்த்தம்) வரோணும். எக்ஸ்8, எக்ஸ்4ன்னு நின்னா முதல்ல கழட்டி, பட்டையைத் துடைச்சு மாட்டிப் பாருங்க. அப்பவும் நின்னா கார்டு, ஸ்லாட் ரெண்டுல ஒண்ணுல கோளாறு. வேற போர்டுல மாட்டிப் பார்க்க வழி இல்லைன்னா எடுக்காதீங்க.

அப்புறம் ஓசிசிடியில விராம் (கார்டோட மெமரி) டெஸ்ட், 80, 90 சதவீதம் மெமரியை நிரப்பி குறைஞ்சது அஞ்சு நிமிஷம். ஒரே ஒரு எரர் வந்தாலும் வேண்டாம். இதுல பேரம் பேசாதீங்க. கேம்ல சின்னப் புள்ளியாத் தெரியற கோளாறு, ரிசால்வ்ல ரெண்டு மணி நேர ரெண்டரைப் பாதியில நிறுத்திரும்.

கடைசியா ஃபர்மார்க் பதினஞ்சு நிமிஷம், பக்கத்துல எச்டபிள்யூஇன்ஃபோ. கோர் சூட்டுக்கும் ஹாட்ஸ்பாட்டுக்கும் (கோர்லயே ரொம்பச் சூடான புள்ளி) உள்ள வித்தியாசத்தைக் கவனிங்க. 10ல இருந்து 15 டிகிரி சாதாரணம், 20ஐத் தாண்டினா கோர் மேல தடவின தெர்மல் பேஸ்ட் காஞ்சிருக்குது, இல்லைன்னா யாரோ கழட்டிச் சரியா மாட்டலை. 3060, 3060 டிஐயில ஜிடிடிஆர்6 மெமரி சூடு சென்சார்ல காட்டாது, அதனால மெமரிக்கு விராம் டெஸ்ட்தான் ஒரே வழி. ஃபர்மார்க் ஓடும்போதே ஆஃப்டர்பர்னர்ல ஃபேனை 30ல இருந்து 100க்கு ஏத்துங்க. பேரிங் தேஞ்ச ஃபேன் நடுவேகத்துல கரகரன்னு சத்தம் போடும், முழு வேகத்துல அந்தச் சத்தம் காத்துல அமுங்கிரும். எல்லா டிஸ்ப்ளே போர்ட்டையும் மாத்தி மாத்திச் செருகிப் பார்த்துட்டுக் கிளம்புங்க.

கரண்டு போட விடமாட்டேங்கறவர்கிட்ட, ஜிபேயில முன்பணம் கேக்கறவர்கிட்ட வாங்க வேண்டாம்.

சோமனூர் தறி

நம்மூருக்குன்னு ஒரு விஷயம் சேர்த்துக்கோங்க. அவிநாசி, பல்லடம், சோமனூர்ப் பக்கம் தறியும் நிட்டிங்கும் ஓடுற இடத்துல இருந்த கார்டுன்னா ஃபேனுக்கும் ஃபின்னுக்கும் நடுவுல பஞ்சு கம்பளம் மாதிரி படிஞ்சிருக்கும். வெளியில இருந்து தெரியாது, ஃபேன் இறக்கைக்குள்ள டார்ச் அடிச்சாத்தான் தெரியும். கார்டு சூடாகுறதுக்குப் பாதி நேரம் இதுதான் காரணம், பேஸ்ட் இல்ல. சுத்தம் பண்றப்ப ஒர்க்‌ஷாப் கம்ப்ரஷர் காத்தை நேரா அடிக்காதீங்க, டேங்க்ல இருக்கிற தண்ணியும் எண்ணெயும் கூடவே வரும். சாதா பிளோயர் போதும், ஃபேனை விரலால அசையாமப் பிடிச்சுக்கிட்டு அடிங்க. சுத்த விட்டா பேரிங் போயிரும்.

யுபிஎஸ் பத்தியும் யோசிங்க. கடையில வழக்கமாக் கொடுக்கிற 600 விஏ யுபிஎஸ் 360 வாட்ஸ்தான் தாங்கும். 3060 மெஷினும் மானிட்டரும் ரெண்டர் நேரத்துல அந்த எல்லைக்குப் பக்கத்துல போகும், கரண்டு போற நொடியில மெஷினும் அணைஞ்சிரும். 1 கேவிஏ, 600 வாட்ஸ் எடுத்தா நிம்மதி. வீட்டுப் பழைய ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர்ல இந்த மெஷினைப் போடாதீங்க.

அவிநாசி எடிட்டர்

ரொம்ப நன்றிங்க. 3080ஐ விட்டுட்டேன். 3060 டிஐ போய்ப் பார்த்தாச்சு: விராம் டெஸ்ட்ல எரர் இல்ல, எக்ஸ்16 வருது, விரிசல் இல்ல. ஆனா ஃபர்மார்க்ல கோர் 71, ஹாட்ஸ்பாட் 98. விலை குறைக்கிறேங்கறார். பேஸ்ட் மாத்தினாச் சரியாகிருமுங்களா? இல்ல 3060 12 ஜிபியே மேலா?

காந்திபுரம் பெஞ்ச்

27 டிகிரி வித்தியாசம் பேஸ்ட்லயே சரியாகுறதுக்கு வாய்ப்பு அதிகம். ஆனா திறக்கும்போது பேடு கிழியும், அதையும் மாத்தோணும். அங்கதான் ஆளுங்க தப்பு பண்றாங்க. பேடு தடிமன் ஒவ்வொரு மாடலுக்கும் வேற, ஒரே கார்டுல மெமரிக்கு ஒண்ணு, விஆர்எம்முக்கு (கரண்டைச் சீராக்கிக் கொடுக்கிற பகுதி) ஒண்ணுன்னு ரெண்டு தடிமன் கூட வரும். பழைய பேடுல அமுங்காத ஓரத்தை வெர்னியர்ல அளந்துக்குங்க. அரை மில்லிமீட்டர் கூடப் போனா ஹீட்சிங்க் தூக்கிக்கும், கோர் மேல சரியா உட்காராது, சூடு முன்னைவிட ஏறும். அளவுல சந்தேகம் இருந்தா பேடுக்குப் பதிலா களி மாதிரி இருக்கிற தெர்மல் புட்டி போடுங்க, தானே அமுங்கிக்கும். கோருக்குப் பேஸ்ட்டுக்குப் பதிலா, சூட்டுல இளகுற பிடிஎம்7950 ஷீட் போட்டா பேஸ்ட் மாதிரி ஓரத்துக்கு ஒதுங்காது. கோரைச் சுத்தி இருக்கிற நாலு ஸ்க்ரூவையும் குறுக்கும் நெடுக்குமாக் கொஞ்சம் கொஞ்சமா இறுக்குங்க. ஒரு பக்கமே இறுக்கினா கோர் மூலை உடையும்.

இந்தச் செலவைக் கழிச்சு விலை கேளுங்க. கொடுக்கலைன்னா விட்டுருங்க.

நொய்யல்கரை

கேமுக்குன்னா 3060 டிஐதான் வேகம். உங்க வேலைக்கு நான் 3060 12 ஜிபியைத்தான் எடுப்பேன். 4கே டைம்லைன்ல நாய்ஸ் ரிடக்‌ஷன் போட்டு, மேல ரெண்டு ஃபியூஷன் டைட்டில் வெச்சா 8 ஜிபி நிரம்பிப் போய் "ஜிபியு மெமரி ஃபுல்"னு நிக்கும். மண்டபத்துல வெளிச்சம் கம்மியா எடுத்த வரவேற்பு ஃபுட்டேஜுக்கு நாய்ஸ் ரிடக்‌ஷன் இல்லாம வேலை ஆகாது. கொஞ்சம் மெதுவா முடிஞ்சாலும் முடியுற கார்டு வேணும்.

குமரன் ரோடு

யாரும் சொல்லாத ஒண்ணு. 4:2:2 10 பிட்டை (நிற விவரம் கூடுதலா இருக்கிற வீடியோ) 30 சீரிஸ் கார்டு எதுவுமே ஹார்டுவேர்ல டிகோட் பண்ணாதுங்க, அதாவது கார்டு தானே பிரிச்சுக் காட்டாது. 3080 வாங்கியிருந்தாலும் டைம்லைன் திக்கும். என்விடியாவுல அது வந்தது 50 சீரிஸ்லதான். இன்டெல் 12ஆம் தலைமுறையோட உள் கிராபிக்ஸ் எச்.265 4:2:2ஐப் பண்ணும், ஆனா நீங்க வாங்கினது எஃப் மாடல், அதுல உள் கிராபிக்ஸே கிடையாது. 12400எஃப்பைக் கொடுத்துட்டு எஃப் இல்லாத 12400 எடுத்தா அதே போர்டுல உட்காரும், பயாஸ்ல ஐஜிபியுவை (அந்த உள் கிராபிக்ஸ்) எனேபிள் பண்ணிருங்க. கேமராவுல எச்.265ல பதியுற எக்ஸ்ஏவிசி எச்எஸ் வையுங்க; எக்ஸ்ஏவிசி எஸ்ங்கிறது எச்.264, அதோட 4:2:2ஐ இந்த 12ஆம் தலைமுறை இன்டெலும் டிகோட் பண்ணாது.

சிபியு மாத்த மனசில்லைன்னா எச்எஸ்லயே 4:2:0 10 பிட் வெச்சு எடுங்க, அதை 3060 தானே டிகோட் பண்ணிரும். ஏற்கெனவே எடுத்து வெச்சிருக்கிற 4:2:2 ஃபுட்டேஜுக்கு ரிசால்வ்லயே டிஎன்எக்ஸ்எச்ஆர் எல்பி, பாதி ரெசல்யூஷன்ல ப்ராக்ஸி (வெட்டுறதுக்கு மட்டும் லேசான நகல்) போட்டுக்குங்க. ராத்திரி போட்டு விட்டா காலையில வெட்ட உட்காரலாம்.