கருகிய தட்டும் கொரியன் பார்பிக்யூவும்: அயல் நகரங்களில் பார்த்ததைச் சொல்லுங்கள்

கரிச்சட்டி

லாஸ் ஏஞ்சலஸ் கொரியாடவுன். கேட்கக் கேட்கக் கறி கொண்டுவந்து வைக்கும் வகைக் கடை. வாசலில் வரிசை, இணையத்தில் நட்சத்திரம், எல்லாம் உண்டு. இனிப்புச் சாற்றில் ஊறவைத்த கல்பியைத்தான், அதாவது மாட்டு விலாக்கறியைத்தான், முதலில் போட்டார்கள். அதிலிருந்த சர்க்கரை மேசை அடுப்பின் இரும்புத் தட்டில் குமிழிவிட்டு நடுவில் தார் மாதிரி இறுகிப்போச்சு. பரிமாறுகிறவர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் அதன்மேலேயே சம்க்யோப்சாலைப் (பன்றி வயிற்றுக்கறி) பரப்பிவிட்டு நகர்ந்துவிட்டார். பன்றிக் கொழுப்பு உருக உருகக் கறுப்புத் துணுக்கெல்லாம் பெயர்ந்து கறியில் ஒட்டியது. ஸ்ஸாம்ஜாங் என்கிற காரச் சோயா விழுதை எவ்வளவு அப்பினாலும் கசப்பு போகவில்லை.

உப்புகூடப் போடாத கறி முதலில், ஊறவைத்தது கடைசியில், நடுவில் தட்டு மாற்றணும். இது தெரியாமல் எப்படிக் கடை நடத்துகிறார்கள்? உட்காருவதற்கு முன்பே இதைக் கண்டுபிடிக்க வழி இருக்கிறதா?

இடுக்கி

இருக்கிறது. பக்கத்து மேசைகளைப் பாருங்கள். பாதி சாப்பாட்டில் இருக்கும் மேசையில் தட்டு சுத்தமாக இருந்தால் யாரோ மாற்றியிருக்கிறார்கள். எல்லா மேசையிலும் கறுத்த தட்டு என்றால் அப்படியே திரும்பிவிடலாம். உட்கார்ந்தாகிவிட்டதா, கேட்கத் தயங்க வேண்டாம். தட்டைக் காட்டிக் கையைச் சுழற்றினாலே புரிந்துகொள்வார்கள். கேட்டதும் முகம் சுளிக்கிற கடையில் அடுத்த ஆர்டர் கொடுக்காதீர்கள்.

படங்களில் தேடும்போதும் இதே கணக்கு. கடைக்காரர் போட்ட படம் வேண்டாம். சாப்பிட்டவர்கள் எடுத்ததில் தட்டை மட்டும் பெரிதாக்கிப் பாருங்கள். பெயரைக் கொரிய எழுத்தில் போட்டுத் தேடினால் கொரியர்கள் எழுதிய கருத்துகள் வரும். மொழிபெயர்ப்புச் செயலியே போதும். ஆங்கிலக் கருத்துகளில் 'சூப்பர் சூழல்' என்றிருக்கும். கொரியர்கள் கறியின் தடிமனைப் பற்றியும் கடைசியில் வரும் நேங்மியோன் (குளிர்ந்த நூடுல்ஸ்) பற்றியும் சண்டை போட்டிருப்பார்கள்.

மெனுவில் சூஷி, ராமென், வறுத்த கோழி எல்லாம் ஒரே அட்டையில் இருந்தால் எழுந்துவிடலாம். பத்துப் பதினைந்து வரி மெனு, அதில் பாதி கறி வெட்டுகள். அதுதான் வேண்டும்.

தணல்பிரியன்

இவ்வளவு எதற்கு? கரி இருக்கா, இல்லையா, அவ்வளவுதான். லண்டனில் மையப்பகுதியை விட்டுவிட்டு வாட்டர்லூவில் ரயிலேறி நியூ மால்டன் போங்கள், அரை மணிக்குள். கொரியர்கள் குடியிருக்கும் பகுதி. அங்கே ஒரு கடையில் செக்கச்செவேலென்று கனிந்த கரியை இரும்புச் சட்டியில் வைத்து, கொக்கியால் தூக்கிக்கொண்டு மேசைகளுக்கு நடுவே ஒருவர் வந்தார். மேசைக் குழிக்குள் இறக்கும்போது முகத்தில் அனல் அடித்தது. அதற்குப் பிறகு கேஸ் அடுப்புக் கடையெல்லாம் கடையாகவே தெரிவதில்லை.

இடுக்கி

தணல்பிரியன், அந்தக் கரியில் என்ன கறி போட்டார்கள் என்று சொல்லவில்லையே. கல்பி என்றால் சரி. தடித்த சம்க்யோப்சாலைக் கம்பிவலையில் போட்டால் கொழுப்பு நேரே கரியில் சொட்டும், தீ எழும், கறியில் புகைக்கரி படியும். அதனால்தான் பன்றிக்கென்று சரிவான வார்ப்பிரும்புத் தட்டு வைக்கிறார்கள். கொழுப்பு ஒரு பக்கமாக வழிந்து துளை வழியே இறங்கிவிடும். வழிகிற பாதையில் புளித்த கிம்ச்சியையும் (காரமான முட்டைக்கோஸ் ஊறுகாய்) பூண்டையும் வைத்தால் அந்தக் கொழுப்பிலேயே வதங்கும். அதற்குக் கேஸ் போதும்.

இன்னொன்று. நன்றாகக் கனிந்த கரிக்குத் தனியாகப் பெரிய மணம் கிடையாது. கறியிலிருந்து சொட்டுகிற கொழுப்பும் சாறும் சூட்டில் ஆவியாகி மேலேறுவதுதான் அந்த வாசம். கரி தருவது கடுமையான நேரடி அனல். மெல்லிய கல்பிக்கு அது வரம். அதே அனலில் ஊறவைத்த கறியை ஒரு நிமிடம் மறந்தால் சர்க்கரை கருகிவிடும். கரிச்சட்டி சொன்ன தார், கரி அடுப்பிலும் வரும்.

தணல்பிரியன்

போட்டது கல்பிதான். வாதம் வேண்டாம், ஆனால் கரி வைக்கிற கடைக்காரன் மற்றதிலும் மெனக்கெடுவான் என்பது என் அனுமானம்.

புகைபோக்கி

மெனக்கெடுவதைப் பார்க்கணும் என்றால் தலைக்குமேலே பாருங்கள். இழுத்து இறக்கும் உலோகக் குழாய் இருக்கிற கடையில், அதை அடுப்புக்கு ஒரு முழ உயரத்துக்குள் இறக்கினால்தான் புகையை உறிஞ்சும். சிட்னி ஸ்ட்ராத்ஃபீல்டில் ஒரு கடை. குழாயின் வாயில் மஞ்சள் கொழுப்பு திரண்டு, சொட்டு ஒன்று கீழே விழத் தயாராகத் தொங்கியது, நேராகக் கறிக்கு மேலே. விழுந்தும் விட்டது. அடுப்பைச் சுற்றிய பிளவு வழியே புகையைக் கீழ்ப்பக்கம் இழுக்கும் மேசைகளில் அழுக்கு கண்ணுக்குத் தெரியாது. ஆனால் வடிகட்டியைக் கழுவாத கடை என்றால் கதவைத் திறந்ததும் பழைய எண்ணெய் நாற்றம் வரும். சுடச்சுட வரும் கறிவாசம் வேறு, அது வேறு.

மிளகுத்தண்டு

நல்ல கொரியன் பார்பிக்யூ வேண்டுமென்றால் ஒசாகாவில் த்ஸுருஹாஷி. ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்தாலே புகைவாசம் தூக்கும். நாக்கு இறைச்சி, எலுமிச்சைச் சாறு. அதை எங்கேயும் திரும்பப் பார்க்கவில்லை.

இடுக்கி

அருமையான இடம், மறுக்கவில்லை. ஆனால் அது 'யாக்கினிகு' என்கிற ஜப்பானியச் சுட்டகறி. ஜப்பானில் குடியேறிய கொரியர்கள் வளர்த்தெடுத்தது, வேர் ஒன்று, நடைமுறை வேறு. கறி சின்னத் துண்டாகவே வரும், சுட்டபின் சாறில் தோய்ப்பார்கள். கிம்ச்சிக்கும் கீரைக்கும் தனிக்காசு. கொரியக் கடையில்போல இதெல்லாம் இலவசமாக வரும், கறியைக் கீரையிலையில் சுருட்டிச் சாப்பிடலாம் என்று எதிர்பார்த்துப் போகிறவர் பில்லைப் பார்த்துச் சண்டைக்குப் போவார்.

கத்தரிக்கோல்

தட்டு, கரி, குழாய் எல்லாம் இருக்கட்டும். பெரும்பாலான மேசைகளில் கெடுப்பது கடை அல்ல, சுடுகிறவர். நியூயார்க்கில், கொரியக் கடைகள் நிறைந்த மன்ஹாட்டன் 32-ஆம் தெருவில் பக்கத்து மேசையில் நான்கு பேர் சம்க்யோப்சால் ஒரு தட்டு முழுவதையும் ஒரே நேரத்தில் கொட்டினார்கள். இரண்டு நிமிடத்தில் கறி சாம்பல் நிறத்தில் தன் நீரிலேயே வெந்துகொண்டிருந்தது. யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன்.

தட்டில் ஒரு சொட்டு நீர் விட்டால் சீறி ஓடணும். அதுவரை கறி போடாதீர்கள். தட்டில் மூன்றில் ஒரு பங்காவது காலியாக இருக்கட்டும். நெருக்கினால் சூடு இறங்கி நீர் விடும். ஒன்றரை செண்டிமீட்டர் தடிமன் துண்டு என்றால் ஒரு பக்கம் பொன்னிறமாக இரண்டு மூன்று நிமிடம். தட்டில் ஒட்டியிருந்தால் இழுக்காதீர்கள், நிறம் பிடித்ததும் தானே விடும். இரண்டு பக்கமும் சிவந்த பிறகு கத்தரிக்கோலால் விரல் அகலத்துக்கு வெட்டி, வெட்டுப்பக்கத்தைத் தட்டில் படுக்கவையுங்கள். முதலிலேயே வெட்டினால் சாறு போய் வறண்டுவிடும். பச்சைக்கறி தொட்ட இடுக்கியாலேயே வெந்ததை எடுக்காதீர்கள். ஒன்றுதான் வைத்திருந்தால் இன்னொன்று கேளுங்கள், கொடுப்பார்கள்.

பேப்பர் மாதிரி சுருண்டு வரும் மெல்லிய கறியை 'உறைகறி' என்று ஒதுக்காதீர்கள். அப்படிச் சீவ உறையவைத்தே ஆகணும். சந்தேகப்பட வேண்டியது தடித்த துண்டின் அடியில் சிவப்பு நீர் தேங்கியிருக்கும் தட்டை. உறையவைத்து, உருக்கி, நேரம் கடந்தது. ஊறவைத்த கறியை மென்றால் நார் தெரியாமல் மாவுபோலக் குழைகிறதா, கறியை மென்மையாக்கச் சேர்த்த கிவியிலோ அன்னாசியிலோ அதிகநேரம் ஊறியிருக்கிறது. கொரியப் பேரிக்காய் அவ்வளவு வேகமாகக் குழைக்காது.

சைவம் சாப்பிடுகிறவர் கூட வந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கிம்ச்சியில் பெரும்பாலும் உப்பிட்ட இறால் அல்லது மீன்சாறு இருக்கும், தென்ஜாங் ஜிகே என்கிற சோயா விழுதுக் குழம்பின் சாறு நெத்திலியில் எடுத்ததாக இருக்கும். 'காய்கறிதான்' என்று பரிமாறுகிறவர் சொல்வது அதை எண்ணி அல்ல. காளான் கேட்டு, தனித்தட்டில் சுடச் சொல்லலாம்.

கரிச்சட்டி

கேட்டது தட்டைப் பற்றி, கிடைத்தது முழுப் பாடத்திட்டம். சரி, ஒரே ஒரு சந்தேகம்: தனியாகப் போனால் உட்கார விடுவார்களா?

இடுக்கி

பல கடைகளில் அடுப்பு பற்றவைக்கக் குறைந்தது இரண்டு பங்கு வாங்கணும். ஒருவரே இரண்டு பங்கும் வாங்குகிறேன் என்றால் சிலர் ஒப்புக்கொள்வார்கள், மாலை ஆறு மணிக்குள் போனால் இன்னும் எளிது. ஒரு பங்கு எத்தனை கிராம் என்று கேளுங்கள். கொரியாவில் வழக்கமாக 150 முதல் 200. கல்பி என்றால் எலும்போடு எடையா, எலும்பில்லாமலா என்பதையும் சேர்த்துக் கேட்கணும். அதைக் கேட்காமல் 'இரண்டு பங்கு' என்று சொல்லிவிட்டுப் பாதி எடைக்கு எலும்பை வாங்கிக்கொண்டு வருகிறவர்கள்தான் அதிகம்.