புதுப்பிப்பு: சாயும் ஸ்பிட்ஃபயரும் ஜாய்ஸ்டிக் டிரிம்மும்

போர்விமான சிமுலேட்டரில் ஜாய்ஸ்டிக்கை விட்டவுடன் ஸ்பிட்ஃபயர் (இரண்டாம் உலகப்போர்க் கால பிரிட்டிஷ் போர்விமானம்) மூக்கைத் தூக்கிக்கொண்டு ஒருபக்கம் சாய்வதாகச் சென்ற வாரம் எழுதியிருந்தேன். குற்றம் இரண்டு இடங்களில் இருந்தது. ஜாய்ஸ்டிக்கின் நிலையை அளக்கும் பொட்டென்ஷியோமீட்டரில் அழுக்கேறி (முத்தியால்பேட்டையின் உப்புக்காற்றைத்தான் சந்தேகிக்கிறேன்) நடுநிலை நடுங்கியதால், அதைத் துடைத்து, மறுஅளவீடு செய்து, குறிபார்ப்பதையே கெடுத்துவந்த 15 சதவீத டெட்சோனை (நடுவைச் சுற்றி, சிறு அசைவுகளைக் கண்டுகொள்ளாத பகுதி) 3 ஆகக் குறைத்தேன்.

மற்றது என் அறியாமை. உண்மை விமானத்தில் டிரிம் செய்தால் (அதாவது, கோலை அழுத்திப் பிடிக்காமலே விமானம் சீராகப் பறக்கும்படி சமன்படுத்தினால்) கட்டுப்பாட்டுக் கோலின் நடுநிலையே இடம் மாறும். நம் மேசையிலுள்ளதையோ ஸ்பிரிங் எப்போதும் பழைய நடுவுக்கே இழுப்பதால், டிரிம்மைக் கூட்டக் கூட, கையை மெல்லத் தளர்த்திக்கொண்டே வரவேண்டும். இதற்குப் பொத்தானைவிடச் சுழல்குமிழே வசதி. ஸ்பிட்ஃபயரில் பறக்கும்போது மாற்றக்கூடிய டிரிம் எலிவேட்டருக்கும் (மூக்கை ஏற்றி இறக்குவது) ரடருக்கும் (மூக்கை இடவலமாகத் திருப்புவது) மட்டுமே உண்டு, எய்லரானுக்கு (இறக்கைகளைச் சாய்ப்பது) இல்லை. ஆகவே விமானம் பக்கவாட்டில் வழுக்குவதைக் காட்டும் வழுக்கல்முள்ளை ரடர் டிரிம்மால் நடுவில் நிறுத்துகிறேன், வேகம் மாறினால் மீண்டும் திருத்துகிறேன்.