கழிப்பறை கட்டிய பின்னும் பன்றிகளில் நாடாப்புழுக் கட்டிகள் தொடர்வது ஏன்?

கேள்வி – கிராம சுகாதாரப் பணியாளர்

அனைவருக்கும் வணக்கம். நான் பணிபுரியும் சிற்றூரில் பெரும்பாலான வீடுகளுக்குக் கழிப்பறை கட்டி ஓராண்டு ஆகிறது. ஆயினும் அண்மையில் அறுத்த இரண்டு பன்றிகளின் தசையில், பட்டாணி அளவில், உள்ளே ஒரு வெண்புள்ளியுடன் நீர்க்கட்டிகள் இருந்தன. அதே ஊரில் பன்றி இறைச்சியைத் தொட்டே பார்க்காத பெண் ஒருவருக்கு வலிப்பு வந்து, மூளையில் நாடாப்புழுக் கட்டி இருப்பது ஸ்கேனில் தெரிந்தது. "சாப்பிடாதவளுக்கு எப்படி வந்தது?" என்று ஊரார் கேட்கும்போது எனக்குத் தெளிவாகப் பதில் சொல்ல வரவில்லை. எங்கிருந்து தொடங்குவது?

மறுமொழி – மருத்துவர்

ஊராரின் கேள்வியிலேயே விடைக்கான வழி இருக்கிறது. கட்டியுள்ள இறைச்சியைச் சரியாக வேகவைக்காமல் உண்பவருக்குக் குடலில் புழு வளரும். மூளையில் கட்டி உண்டாவதோ, அந்தப் புழுவின் முட்டையை விழுங்குவதால். அந்த முட்டை பன்றியிடமிருந்து வருவதில்லை. குடலில் புழுவைச் சுமக்கும் மனிதரின் மலத்திலிருந்து, கழுவாத கை வழியாகவோ, மாசடைந்த நீர், காய்கறி வழியாகவோ வருகிறது. புழுவின் ஒரே கணுவில் ஏறத்தாழ 50,000 முட்டைகள் இருக்கக்கூடும். சுமப்பவருக்கோ பெரும்பாலும் எந்தத் தொந்தரவும் தெரிவதில்லை. ஆகவே அந்தப் பெண்ணின் வீட்டாரையும், அவருக்குச் சமைத்துப் பரிமாறுபவர்களையும் முதலில் பரிசோதியுங்கள். மலத்தில் தட்டையான வெள்ளை நாடாத் துண்டுகள் கண்டதுண்டா என்று தனியாக, கூச்சம் ஏற்படாதபடி கேளுங்கள். யாரையும் குற்றவாளி போல் நிறுத்திவிட்டால் அடுத்த வீட்டுக் கதவு திறக்காது.

ஒன்றை வற்புறுத்திச் சொல்கிறேன். குடலிலுள்ள புழுவைக் கொல்ல இரண்டு மருந்துகள் உண்டு. அவற்றில் நிக்ளோசமைடு குடலில் உறிஞ்சப்படுவதில்லை. பிரசிகுவாண்டெல் உறிஞ்சப்பட்டு, யாரும் அறியாமல் மூளையில் இருக்கும் கட்டிகளையும் தாக்கி, கடும் தலைவலியையோ வலிப்பையோ தூண்டக்கூடும். எனவே ஊர் முழுவதற்கும் மருந்து கொடுக்கும்போது, முன்பு வலிப்பு வந்தவர்களை மருத்துவரிடம் காட்டாமல் பிரசிகுவாண்டெலை விழுங்கச் செய்யாதீர்கள். நோய் பரவலாக உள்ள பகுதிகளில் வலிப்பு நோயாளிகளில் சுமார் 30 விழுக்காட்டினருக்கு மூளையிலுள்ள இந்தக் கட்டியே காரணம் என உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது.

மறுமொழி – கால்நடை மருத்துவர்

மருத்துவர் மனிதர் பக்கத்தைச் சொல்லிவிட்டார். கழிப்பறை இருந்தும் ஒருவர் வயல்வெளிக்குப் போனால், அவர் புழுவைச் சுமப்பவராக இருந்தால், அவிழ்த்துவிட்ட பன்றிகள் அந்த மலத்தைத் தின்று முட்டைகளை விழுங்க அதுவே போதும். ஈரமான மண்ணில் முட்டைகள் மாதக்கணக்கில் பிழைத்திருக்கும். பன்றிகளைக் கொட்டிலில் அடைத்து வளர்க்கச் சொல்வது எளிது, ஆனால் தீவனத்துக்கு வழியில்லாதவர்கள் மறுபடி அவிழ்த்துவிடுவார்கள் என்பதைக் கணக்கில் கொள்ளுங்கள்.

பன்றிகளுக்கு ஆக்ஸ்ஃபெண்டசோல் என்னும் புழுக்கொல்லி மருந்தை, உடல் எடையில் கிலோவுக்கு 30 மில்லிகிராம் என ஒரே வேளை வாய்வழி கொடுத்தால் தசைக் கட்டிகள் மடியும். டி.எஸ்.ஓ.எல்.18 தடுப்பூசி புதிய தொற்றைத் தடுக்கும், ஆனால் ஏற்கெனவே உள்ள கட்டியைக் கொல்லாது. ஆகவே இரண்டும் சேர்ந்தே பயன் தரும். பெரு நாட்டின் தும்பெஸ் பகுதியில் 107 கிராமங்களில், 80,000-க்கும் மேற்பட்ட மக்களுக்கும் அவர்களது பன்றிகளுக்கும் ஒரே காலத்தில் சிகிச்சை அளித்து, பன்றிகளுக்குத் தடுப்பூசியும் போட்டதில், பெரும்பாலான கிராமங்களில் பரவல் நின்றது. அந்த ஆய்வு 2016-இல் வெளியானது.

பன்றியின் நாக்கைத் துணியால் பிடித்து இழுத்து, அடிப்பக்கத்தை விரலால் தடவினால் கட்டிகள் தட்டுப்படும். ஆனால் குறைவான தொற்று இதில் சிக்காது. கட்டி கண்ட பன்றியை இழப்பீடு இல்லாமல் பறிமுதல் செய்தால், அடுத்த முறை உரிமையாளர் இரவோடு இரவாக விற்றுவிடுவார்.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி. மருந்து கொடுத்த பன்றியை உடனே அறுக்கலாமா?

மறுமொழி – கால்நடை மருத்துவர்

கூடாது, ஐயா. மருந்தின் எச்சம் இறைச்சியில் இருக்கும். லேபிளில் குறித்த நாள்கள் கழியும் வரை காத்திருக்க வேண்டும். இறந்த கட்டிகளின் தடயம் மறைய அதைவிடக் கூடுதல் காலம் பிடிக்கும் என்பதால், விற்பனைக் காலத்துக்குச் சில மாதங்கள் முன்பே சிகிச்சையைத் தொடங்குமாறு வளர்ப்பவர்களிடம் கூறுங்கள்.