11ஆம் வகுப்பு மகள், டெக்சாஸ் பள்ளி: பட்டத்துக்கும் பல்கலைக்கழகச் சேர்க்கைக்கும் இந்த ஆண்டே செய்ய வேண்டியவை எவை?

கேள்வி: பிளேனோவாசி

அனைவருக்கும் வணக்கம். என் மகள் டாலஸ் நகருக்கு வடக்கேயுள்ள ஓர் அரசுப் பள்ளியில் இந்த ஆகஸ்டில் 11ஆம் வகுப்புக்கு வந்திருக்கிறாள். எல்லாம் ஒழுங்காக நடந்தால் 2027 மே மாதத்தில் பள்ளிப் பட்டம் பெறுவாள். நானும் என் மனைவியும் கோவையில் படித்தவர்கள். பிளஸ் டூ பொதுத்தேர்வு எழுதி, கணிதம், இயற்பியல், வேதியியல் மூன்றையும் சேர்த்து 200க்குக் கட்-ஆஃப் கணக்கிட்டு, கவுன்சலிங்கில் இடம் பெற்றதுதான் எங்களுக்குத் தெரிந்த ஒரே வழி. ஆகவே 12ஆம் வகுப்புதான் முக்கியமானது என்றே எங்கள் மனம் சொல்கிறது. ஆனால் இங்குள்ள நண்பர்கள் சிலர், 11ஆம் வகுப்பு முடியும்போதே பெரும்பாலானவை தீர்மானமாகிவிடும் என்கிறார்கள். வேறு சிலர் பல ஆயிரம் டாலர் கட்டித் தனியார் ஆலோசகர் ஒருவரை இப்போதே அமர்த்தச் சொல்கிறார்கள்.

அவளுடைய நிலையைச் சொல்லிவிடுகிறேன். வகுப்பில் முதல் 10 சதவீதத்துக்குள் இருக்கிறாள். முதல் 5 சதவீதத்துக்குள் இல்லை. கணினி அறிவியல் படிக்க விரும்புகிறாள். 9ஆம் வகுப்பில் ஓராண்டு ஸ்பானிஷ் படித்துவிட்டு, பிடிக்காமல் விட்டுவிட்டாள். சனிக்கிழமைத் தமிழ்ப்பள்ளிக்குச் சிறு வயதிலிருந்தே போவதால் தமிழில் நன்றாக எழுதவும் படிக்கவும் தெரியும். நாங்கள் எச்-1பி வேலை விசாவில் இருக்கிறோம், அவள் அதைச் சார்ந்த எச்-4 குடும்ப விசாவில். கிரீன் கார்டுக்காக என் நிறுவனம் போட்ட ஐ-140 மனு அங்கீகரிக்கப்பட்டுவிட்டது, எங்கள் முறை இன்னும் வரவில்லை. 6ஆம் வகுப்புப் படிக்கும் மகன் இங்கே பிறந்தவன்.

எதை இந்த ஆண்டே செய்தாக வேண்டும், எதை அடுத்த ஆண்டுக்குத் தள்ளலாம் என்பதை அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மறுமொழி: ஹூஸ்டன் ஆசிரியை

வணக்கம். ஹூஸ்டன் பகுதியில் அரசுப் பள்ளியொன்றில் 11ஆம் வகுப்புக்குப் பாடம் நடத்துகிறேன். உங்கள் நண்பர்கள் சொல்வது பெரும்பாலும் சரியே. இங்கே விண்ணப்பங்கள் 12ஆம் வகுப்பின் முதற்பாதியிலேயே போய்விடுகின்றன. ஆஸ்டினிலுள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகத்துக்கும் டெக்சாஸ் ஏ அண்டு எம் பல்கலைக்கழகத்துக்கும் டிசம்பர் 1 கடைசி நாள். அன்று உங்கள் மகளின் மதிப்பெண் பட்டியலில் நிறைவுபெற்றிருப்பவை 9, 10, 11 ஆகிய மூன்று வகுப்புகளே. பல்கலைக்கழகம் பார்க்கும் தரவரிசையும் 11ஆம் வகுப்பு முடிவில் கணக்கிடப்பட்டதுதான். 12ஆம் வகுப்பு மதிப்பெண்கள் பிறகு கேட்கப்படும். அவை மிகவும் சரிந்தால் கொடுத்த இடத்தைத் திரும்பப் பெறவும் கூடும். ஆனால் அவற்றைக் காட்டி ஒரு புதிய இடத்தைப் பெறுவது அரிது.

இருந்தாலும் சேர்க்கையைப் பற்றிப் பேசுவதற்கு முன் பட்டத்தைப் பார்த்துவிடுங்கள். நன்றாகப் படிக்கும் பிள்ளைகளின் பெற்றோர் யாரும் இதைப் பார்ப்பதில்லை. டெக்சாஸில் அடிப்படைத் திட்டப்படி பட்டத்துக்கு 22 கிரெடிட் (முடித்த பாடங்களுக்குத் தரப்படும் அலகு) வேண்டும். ஏதேனும் ஒரு துறைக்கான எண்டார்ஸ்மென்ட்டும் (அத்துறையில் கூடுதல் பாடங்கள் படித்ததற்கான அங்கீகாரம்) சேர்ந்தால் 26. எண்டார்ஸ்மென்ட்டோடு இரண்டாம் இயற்கணிதமும் முடித்தவர்களுக்கே ‘டிஸ்டிங்குயிஷ்ட்’ என்ற உயர்நிலைத் தகுதி கிடைக்கிறது. முதல் 10 சதவீத மாணவர்களுக்கு அரசுப் பல்கலைக்கழகங்களில் தானாகக் கிடைக்கும் இடம் பொதுவாக இந்தத் தகுதியோடு பிணைக்கப்பட்டிருக்கிறது. தரவரிசை இருந்தும் இந்தத் தகுதி இல்லையென்றால் அந்த உரிமை இல்லை.

உங்கள் மகளின் விஷயத்தில் எனக்கு உடனே கண்ணில் பட்டது ஸ்பானிஷ்தான். ஆங்கிலமல்லாத மொழிக்கு இரண்டு கிரெடிட் வேண்டும், அவ்விரண்டும் ஒரே மொழியில் இருக்க வேண்டும். ஓராண்டு ஸ்பானிஷ் மட்டுமென்றால் ஒன்று குறைகிறது. இதோடு நுண்கலைக்கு ஒரு கிரெடிட், உடற்கல்விக்கு ஒரு கிரெடிட் ஆகியவையும் முடிந்துவிட்டனவா என்று பாருங்கள், ஏ.பி. எனப்படும் கல்லூரி நிலை வகுப்புகளாகவே அடுக்கிக்கொண்டு போகும் பிள்ளைகளிடம் விடுபடுவன பெரும்பாலும் இவைதாம். மாநிலத் தேர்வான ஸ்டாரில் ஐந்து பாடத் தேர்வுகளில் தேர்ச்சி பெற வேண்டும். முதலாம் இயற்கணிதம், உயிரியல், முதலிரண்டு ஆங்கிலத் தேர்வுகள் ஆகிய நான்கையும் அவள் எழுதியிருப்பாள். ஐந்தாவதான அமெரிக்க வரலாறு வழக்கமாக 11ஆம் வகுப்பின் இறுதியில் வரும்.

பள்ளியில் மாணவர்களுக்கு வழிகாட்டும் கவுன்சிலரிடம் நேரம் வாங்கி, மகளையும் உட்கார வைத்துக்கொண்டு, பட்டத் திட்டத் தாளை வரி வரியாகப் பாருங்கள். ஒரு கவுன்சிலருக்கு 250 மாணவர்கள் என்பது அவர்களுடைய தேசியச் சங்கம் பரிந்துரைக்கும் அளவு. நடைமுறையில் பல பள்ளிகளில் அதைவிட மிகுதியாகவே இருக்கிறார்கள். ஆகவே அவர் தாமாக உங்களைக் கூப்பிடுவார் என்று காத்திருக்க வேண்டாம். 12ஆம் வகுப்புக்கான பாடத் தேர்வு பெரும்பாலான பள்ளிகளில் ஜனவரி, பிப்ரவரியிலேயே முடிந்துவிடும் என்பதால், அதற்கு முன் இந்தச் சந்திப்பு நடந்தாக வேண்டும்.

தேர்வுகளைப் பொறுத்தவரை, கல்லூரிச் சேர்க்கைக்கான எஸ்.ஏ.டி. தேர்வுக்கு முன்னோடியான பி.எஸ்.ஏ.டி. அக்டோபரில் பள்ளியிலேயே நடக்கும். அந்த மதிப்பெண்ணைக் கொண்டு தேர்ந்தெடுக்கும் தேசிய மெரிட் உதவித்தொகைக்கு 11ஆம் வகுப்பில் எழுதுவதுதான் கணக்கு. ஆஸ்டின் பல்கலைக்கழகம் 2025 சேர்க்கையிலிருந்து எஸ்.ஏ.டி. அல்லது அதைப் போன்ற ஏ.சி.டி. தேர்வின் மதிப்பெண்ணை மீண்டும் கட்டாயமாக்கிவிட்டது. எஸ்.ஏ.டி. இப்போது கணினியில் இரண்டேகால் மணி நேரத்துக்குள் முடிகிறது. மார்ச்சில் ஒரு முறை எழுதிப் பார்த்துவிட்டு, தேவையானால் ஜூனிலோ ஆகஸ்டிலோ மறுபடி எழுதலாம். மே மாதத்தின் முதல் இரண்டு வாரங்கள் ஏ.பி. தேர்வுகளுக்குப் போய்விடும் என்பதால் மே எஸ்.ஏ.டி.யை நான் பரிந்துரைப்பதில்லை. புளூபுக் செயலியிலுள்ள மாதிரித் தேர்வுகளும் கான் அகாடமியின் பயிற்சியும் இலவசம். இவற்றை ஒழுங்காக முடிக்காத பிள்ளைக்குப் பணம் கட்டிய டியூஷனாலும் பெரிய பயன் இருக்காது.

பரிந்துரைக் கடிதங்களைப் பற்றி ஆசிரியையாகவே ஒன்று சொல்ல வேண்டும். அவற்றைக் கேட்கும் கல்லூரிகள் பெரும்பாலும் 11ஆம் வகுப்பில் முதன்மைப் பாடம் நடத்தியவரின் கடிதத்தையே விரும்புகின்றன. ஏப்ரலிலோ மே மாதத் தொடக்கத்திலோ நேரில் வந்து கேட்கும் மாணவிக்கு நான் யோசித்து எழுத முடிகிறது. அக்டோபரில் மின்னஞ்சலில் கேட்பவர்களின் வரிசையில் நாற்பதாவதாக நிற்கும் மாணவிக்கு அப்படி எழுதுவது கடினம். அதிக மதிப்பெண் பெற்ற பாடத்தின் ஆசிரியரைவிட, அவள் திணறி மேலே வந்ததை உடனிருந்து பார்த்த ஆசிரியரே சொல்வதற்குச் செய்தியுள்ளவர்.

விண்ணப்பத்தோடு கேட்கப்படும் கட்டுரைகளை அடுத்த கோடைக்குத் தள்ளலாம். பல கல்லூரிகளுக்குப் பொதுவான விண்ணப்பத் தளமான காமன் ஆப் ஆகஸ்ட் 1 அன்று புதிய ஆண்டுக்குத் திறக்கும். முதன்மைக் கட்டுரை 650 சொற்களுக்குள். தனியார் ஆலோசகர் தேவையா என்று கேட்டால், உங்கள் மகளுக்குத் தேவையில்லை என்பேன்.

மறுமொழி: ஆஸ்டின் அப்பா

ஆசிரியை அம்மா சொன்னவற்றோடு ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். 10 சதவீதச் சட்டம் 1997இல் வந்தது. ஆஸ்டின் பல்கலைக்கழகத்துக்கு மட்டும் அதில் ஒரு விலக்கு உண்டு: டெக்சாஸ் மாணவர்களுக்கான முதலாண்டு இடங்களில் 75 சதவீதத்தை இந்த வழியில் நிரப்பினால் போதும். அதனால் அங்கு வரம்பு ஆண்டுதோறும் அறிவிக்கப்படுகிறது. பல ஆண்டுகள் 6 சதவீதமாக இருந்தது, 2026 சேர்க்கையிலிருந்து 5 ஆகியிருக்கிறது. மேலும், தானாகக் கிடைப்பது பல்கலைக்கழகத்தில் ஓர் இடமே தவிர, கேட்ட படிப்பு அன்று. கணினி அறிவியலுக்குத் தனிப் பரிசீலனை உண்டு. முதல் 1 சதவீதத்தில் இருக்கும் பிள்ளைக்கும் அது உறுதியில்லை.

ஆகவே 5 சதவீதத்தை எட்ட வேண்டும் என்பதற்காக, இந்த ஆண்டு ஜி.பி.ஏ.வில் (மதிப்பெண் சராசரியில்) கூடுதல் எடை தரும் வகுப்புகளாகத் தேடித் தேடி ஆறேழு ஏ.பி.களை மகள் தலையில் ஏற்றாதீர்கள். உங்கள் ஊர்ப் பள்ளிகளில் அந்தப் போட்டி எப்படிப்பட்டது என்பது நம்மவர்களுக்குத் தெரியாததன்று. சொல்லப்போனால் அதைக் கூட்டியவர்களில் நாமும் உண்டு. கணினி அறிவியலுக்கு வேண்டிய கால்குலஸ், இயற்பியல், நிரலாக்கம் ஆகியவற்றைக் கடினமான நிலையில் எடுத்து, மற்றவற்றைச் சாதாரணமாக வைத்துக்கொள்ளட்டும். முதல் 10 சதவீதத்தில் இருக்கும்வரை டாலஸிலுள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகமும் ஹூஸ்டன் பல்கலைக்கழகமும் அவளுக்குத் திறந்தே இருக்கின்றன. டாலஸ் வளாகம் தேசிய மெரிட் மாணவர்களுக்குத் தாராளமாக உதவித்தொகை தருகிறது என்பதால், அக்டோபர் பி.எஸ்.ஏ.டி.யை விளையாட்டாக எண்ண வேண்டாம்.

மறுமொழி: வரிசையில் நிற்பவன்

மேலே சொன்ன இருவருக்கும் ஒரு திருத்தம். தேசிய மெரிட் போட்டிக்கு மாணவர் அமெரிக்கக் குடிமகனாகவோ நிரந்தர வசிப்புரிமை (கிரீன் கார்டு) பெற்றவராகவோ இருக்க வேண்டும். அல்லது நிரந்தர வசிப்புரிமைக்கு விண்ணப்பித்து, அது நிராகரிக்கப்படாமல் இருக்க வேண்டும். ஐ-140 என்பது உங்கள் நிறுவனம் உங்களுக்காகப் போட்ட மனுவே தவிர, உங்கள் மகளின் விண்ணப்பம் ஆகாது. அவள் பெயரில் கிரீன் கார்டு விண்ணப்பமான ஐ-485 போடப்படாதவரை அந்தக் கதவு மூடியே இருக்கும். பயிற்சிக்காக எழுதட்டும், அதை நம்பி எந்தக் கணக்கும் போட வேண்டாம்.

பணத்தைப் பற்றியும் இப்போதே தெரிந்துகொள்வது நல்லது. எச்-4 மாணவர்களுக்கு மத்திய அரசின் கல்வி உதவியோ கல்விக் கடனோ கிடையாது. ஆனால் டெக்சாஸில் பட்டம் பெறுவதற்கே மத்திய அரசு உதவிக்கான ஃபாஃப்சா அல்லது மாநில உதவிக்கான டாஸ்ஃபா விண்ணப்பத்தை நிரப்ப வேண்டும் என்று 2021-22 கல்வியாண்டு முதல் விதி இருப்பதால், பள்ளியிலிருந்து 12ஆம் வகுப்பில் தொடர்ந்து நினைவூட்டல் வரும். அதைக் கண்டு பதற்றப்பட வேண்டாம். விண்ணப்பிக்கவில்லை என்று பெற்றோர் கையொப்பமிட்டுத் தரும் விலக்குப் படிவம் ஒன்று இருக்கிறது, அதைக் கவுன்சிலரிடம் கொடுத்தால் போதும். உள்மாநிலக் கட்டணம் வேறு விஷயம். எச்-1பி, எச்-4 குடும்பங்கள் டெக்சாஸைத் தங்கள் நிலையான வசிப்பிடமாக நிறுவ முடியும். நீங்கள் பன்னிரண்டு மாதங்களுக்கு மேல் இங்கே வசித்து வேலை பார்ப்பதைக் காட்டும் ஆவணங்களை ஒரு கோப்பில் சேர்த்து வையுங்கள். சில விண்ணப்பங்கள் எச்-4 பிள்ளையை வெளிநாட்டு மாணவர் பட்டியலில் சேர்த்துவிடுவதுண்டு. அப்போது இந்தக் கோப்பு கையில் இருக்க வேண்டும்.

கோடையில் ஏதாவது வேலைக்கு அனுப்புங்கள் என்று பலரும் சொல்வார்கள். எச்-4 பிள்ளைகள் சம்பளத்துக்கு வேலை செய்ய அனுமதியில்லை. நூலகம், தமிழ்ப்பள்ளி, உணவு வங்கி போன்ற இடங்களில் உண்மையான தொண்டு செய்யலாம். வழக்கமாகச் சம்பளம் கொடுத்துச் செய்யப்படும் வேலையைச் சம்பளமின்றிச் செய்வது ஆபத்து. ஒரு நிறுவனம் இன்டர்ன்ஷிப் என்று அழைத்தால் முதலில் வழக்கறிஞரைக் கேளுங்கள். 21 வயதில் எச்-4 முடிவதால், கல்லூரியின் நடுவில் எஃப்-1 மாணவர் விசாவுக்கு மாற வேண்டிவரலாம் என்பதையும் அவரிடம் பேசிவிடுங்கள். ஐ-140 பரிசீலனையில் இருந்த நாட்களை வயதிலிருந்து கழிக்கும் சட்டம் இருந்தாலும், முறை வரும் நாளில்தான் அந்தக் கழித்தல் பயன்படும்.

மகனின் நிலை முற்றிலும் வேறு. இங்கே பிறந்தவனாதலால், பெற்றோரின் விசா எதுவாக இருந்தாலும் அவன் ஃபாஃப்சாவுக்குத் தகுதியுள்ளவன். அதில் கேட்கப்படுவது கல்லூரியில் சேரும் ஆண்டுக்கு இரண்டாண்டு முந்தைய வருமானம். 10ஆம் வகுப்பின் ஜனவரி முதல் 11ஆம் வகுப்பின் டிசம்பர் வரை நீங்கள் விற்கும் பங்குகளின் லாபமும் அதில் சேரும்.

கேட்டவர்: பிளேனோவாசி

மிக்க நன்றி. மொழி கிரெடிட்டைப் பற்றி நாங்கள் யோசிக்கவே இல்லை. இன்று மகளிடம் கேட்டபோது நுண்கலை முடிந்துவிட்டது, மொழி மட்டும் குறைகிறது என்றாள். மறுபடி ஸ்பானிஷ் எடுக்க அவளுக்கு மனமில்லை. தமிழைக் கொண்டு அந்த இரண்டு கிரெடிட்டையும் பெற முடியுமா?

மறுமொழி: ஹூஸ்டன் ஆசிரியை

பல கல்வி மாவட்டங்களில் முடியும். முடிவு உங்கள் மாவட்டத்தின் கையில் இருக்கிறது. அவான்ட் நிறுவனம் நடத்தும் ஸ்டாம்ப் மொழித்தேர்வு தமிழிலும் இருக்கிறது. எழுதுதல், பேசுதல் உள்ளிட்ட திறன்களில் மாவட்டம் கேட்கும் அளவை எட்டினால் தேர்வு வழியாகவே கிரெடிட் தருகிறார்கள். சில மாவட்டங்கள் குறிப்பிட்ட தமிழ்ப்பள்ளிகளின் மதிப்பெண்களையும் ஏற்கின்றன. கலிபோர்னியா 2011இல் தொடங்கி வைத்த இருமொழித் திறன் முத்திரைக்கும் இதே போன்ற தேர்வு மதிப்பெண் உதவக்கூடும். டெக்சாஸில் அதற்கு நிகரானதை மதிப்பெண் பட்டியலிலேயே குறிப்பார்கள்.

இரண்டு விஷயங்களைக் கவுன்சிலரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். தேர்வு வழி கிரெடிட் ஜி.பி.ஏ.வில் சேருமா, சேராதா என்பது ஒன்று. தேர்வுக்குப் பதிவு செய்யும் கடைசி நாள் எது என்பது இன்னொன்று. பல மாவட்டங்கள் ஆண்டில் சில குறிப்பிட்ட காலங்களில்தான் இந்தத் தேர்வுகளை நடத்துகின்றன. பாடத் தேர்வுக்கு முன் முடிவு தெரிந்தால், 12ஆம் வகுப்பு அட்டவணையில் ஸ்பானிஷுக்கு ஒதுக்க வேண்டிய இடத்தை இயற்பியலுக்குக் கொடுத்துவிடலாம். தட்டச்சில்தான் எழுத வேண்டும் என்பதால் தமிழ் விசைப்பலகையில் அவள் இன்றே பழகத் தொடங்கட்டும்; கையால் அழகாக எழுதும் பிள்ளைகள் அந்தத் தேர்வில் தடுமாறுவது அங்கேதான்.