வெள்ளியில் வைரத்தோடு எடுக்கலாமா?

அஸ்தம்பட்டி அக்கா:
தங்கை மகள் வேலைக்குச் சேர்ந்திருக்கிறாள், ஒரு ஜோடி தோடு எடுத்துத் தரலாம் என்றிருக்கிறேன். 925 வெள்ளியில் பொடி வைரம் பதித்து, ஒரு காதுக்கு இலை, மறு காதுக்குக் கொடி என்று ஜோடி சேராத டிசைன் ஒன்று அவளுக்குப் பிடித்துவிட்டது. வீட்டுப் பெரியவர்கள் "வைரத்தைப் போய் வெள்ளியில் கட்டுவார்களா?" என்கிறார்கள். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

குகைக்காரன்:
பெரியவர்கள் சொல்வதுதான் சரிங்க அக்கா. அந்தத் தோட்டில் வெள்ளி சில கிராம்தான் இருக்கும். மீதிப் பணம் கல்லுக்கும் வேலைக்கும். விற்கப் போனால் பொடிக்கல்லுக்கு யாரும் விலை சொல்ல மாட்டார்கள். பெண் பிள்ளைக்கு வாங்கும் நகை ஒரு கஷ்டத்தில் கைகொடுக்க வேண்டாமா? தங்கம் என்றால் அவசரத்துக்கு அடகாவது வைக்கலாம்.

செவ்வாய்பேட்டை பட்டறை:
கொலுசுக்குப் பேர்போன சேலத்தில் இருந்துகொண்டு வெள்ளியை இப்படித் தள்ளுவது வருத்தமாக இருக்கிறது. அக்கா கேட்டது போட்டுக்கொள்ள, பெட்டியில் பூட்டி வைக்க அல்ல.

தொழில் தெரிந்தவனாகச் சொல்கிறேன். சுத்த வெள்ளி மிகவும் மென்மை. அதனால்தான் 92.5 சதவீதம் வெள்ளி வைத்து, மிச்சத்துக்குப் பெரும்பாலும் செம்பு சேர்க்கிறோம். அப்படியும் 18 காரட் தங்கத்தின் உறுதி வராது. கல்லைப் பிடிக்கும் கால்கள் மெலிதாக இருந்தால் துப்பட்டாவில் மாட்டி நிமிர்ந்துவிடும், கல் விழுந்துவிடும். ஆகவே கால் வைத்த டிசைனை விட்டுவிட்டு, கல்லைச் சுற்றி வெள்ளி விளிம்பு மூடியிருப்பதைப் பாருங்கள். திருகாணி மரை நன்றாக இறுகுகிறதா என்றும் கடையிலேயே திருகிப் பாருங்கள்.

ஏற்காட்டு மிளகு:
கறுப்பதைப் பற்றி யாரும் பேசவில்லையே? இங்கே மழை மாதங்களில் என் வெள்ளிக் கம்மல் சீக்கிரமே மங்கிவிடுகிறது. பின்னல் வேலையின் இடுக்குகளில் துணி நுழையாது. டிசைன் எவ்வளவு நுணுக்கமோ அவ்வளவு சிரமம்.

செவ்வாய்பேட்டை பட்டறை:
உண்மைதாங்க. காற்றில் இருக்கும் கந்தகம் வெள்ளியோடு சேர்ந்துதான் கறுக்கிறது, ஈரம் அதை வேகப்படுத்தும். ரோடியம் என்ற கறுக்காத உலோகத்தில் முலாம் போட்டால் தாங்கும். தேய்ந்தால் மறுபடி போட வேண்டும். கழற்றியதும் துடைத்து, காற்றுப் புகாத பையில் வையுங்கள். பற்பசை போட்டுத் தேய்க்கவே தேய்க்காதீர்கள், கீறல் விழும்.

குகைக்காரன்:
சரி, அந்த விலைக்கு வருவது வைரம்தானா? எனக்கு நம்பிக்கை இல்லை.

செவ்வாய்பேட்டை பட்டறை:
நியாயமான கேள்வி. ஆய்வகத்தில் வளர்த்ததும் வைரம்தான், அதே கரிமம். விலை மட்டும் மிகக் குறைவு. அமெரிக்கன் டைமண்ட் வைரமே அல்ல. வைரம் போலவே மின்னும் மொய்சனைட் என்ற கல்லும் வைரம் அல்ல, ஆனால் சூடு பார்க்கும் சாதாரண டெஸ்டர் பேனா அதையும் வைரம் என்றே காட்டிவிடும். கல்லின் எடைக் கணக்கில் 100 சென்ட் ஒரு காரட், அதாவது 200 மில்லிகிராம். எத்தனை சென்ட், நிலத்தில் எடுத்ததா வளர்த்ததா என்று பில்லில் எழுதி வாங்குங்கள் அக்கா. வெள்ளிக்கும் 2025 செப்டம்பர் முதல் ஹெச்யூஐடி எண்ணோடு (ஒவ்வொரு நகைக்கும் தரும் தனி அடையாள எண்) ஹால்மார்க் வந்திருக்கிறது, கட்டாயமில்லை. அந்த முத்திரை உலோகத்துக்கு மட்டும்தான், கல்லுக்கு அல்ல.

அஸ்தம்பட்டி அக்கா:
விளிம்பு மூடிய மாதிரியே கேட்கிறேன் தம்பி. பில் விஷயத்தையும் விட மாட்டேன்.

குகைக்காரன்:
எடுங்கள் அக்கா, பிள்ளை ஆசைப்படுகிறாள். ஆனால் அதோடு ஒரு கிராம் தங்கக் காசும் சேர்த்துக் கொடுங்கள். என் கருத்து மாறவில்லை.